எட்டாவது ஆணி

"இந்த வீட்டில் ஒரே பெயரில் எத்தனை பேர் மேடம்?" என்று கேட்டேன்.

"செத்தவங்களைக் கேக்கறீங்களா, இருக்கறவங்களையா?" என்றார் அந்த வீட்டு மருமகள். கேட்டு முடிப்பதற்குள் தன் கேள்வியே தன்னைச் சுட்டதுபோல உதட்டைக் கடித்துக்கொண்டார்.

மாடிப்படியின் கீழே மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம். அவர், அக்கா, நான். அக்கா என்றால் உடன்பிறந்தவர் இல்லை, என் முதலாளி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பல வருடம் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். நான் மாலை வகுப்பில் சட்டம் படிப்பதால் என்னை 'வக்கீலே' என்று கூப்பிடுவார். போன தேர்வில் நான் ஒரு தாளில் கோட்டை விட்டதற்குப் பிறகு இன்னும் அழுத்தமாகக் கூப்பிடுகிறார்.

பார்த்ததைப் பார்த்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன். வரிசை தப்பினால் அர்த்தமும் தப்பிவிடும் என்று எனக்கு எப்போதும் ஒரு பயம்.

படிக்கட்டுச் சுவரில் ஏழு படங்கள், மேலிருந்து கீழே சரிவாக இறங்கி வந்தன. ஆறு படங்கள் எங்களைப் பார்த்தன. ஒன்று சுவரைப் பார்த்தது.

"ஏழு பேருக்கும் ஒரே பேர்தான்" என்றார் மருமகள். "பேர் சொன்னா யாரைச் சொல்றோம்னு தெரியாதில்ல? அதனால இந்த வீட்டுல தொழிலைச் சொல்லித்தான் பேசுவோம். உச்சில இருக்கறவர் கப்பல். யாரும் போகாத தீவுக்கெல்லாம் போயிட்டு வந்தவர். அடுத்தவர் கத்தி."

"ரவுடியா?"

"கண் டாக்டர். ஊர்ல பாதிப் பேருக்குப் பார்வை குடுத்தவர்."

"மன்னிச்சுக்கங்க."

"அப்புறம் கணக்கு. கிரகணம் வர்ற நேரத்தை முன்கூட்டியே சொன்னவர். அப்புறம் பாட்டு, தீர்ப்பு. கடைசில இருக்கறவர் மலை, ஏறினார், இறங்கல."

"திரும்பி நிக்கறவர்?"

"நோட்டு."

"எழுத்தாளரோ?"

"கள்ள நோட்டு. அவர் அடிச்ச நோட்டைப் பாத்து பேங்க் மேனேஜரே ஏமாந்தாராம். புகழ் புகழ்தானேன்னு மாட்டினாங்க. மானம்னு ஒண்ணு இருக்கேன்னு திருப்பி மாட்டிட்டாங்க."

அக்கா சிரிக்கவில்லை. "எட்டாவது உங்க வீட்டுக்காரர்" என்றார்.

"ஆமா. பாலம்."

பாலம் கட்டும் இன்ஜினீயர். போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை வீட்டை விட்டுப் போனவர், இன்னும் வரவில்லை. போலீஸ் இன்றுவரை அவரைக் 'காணவில்லை' என்றுதான் வைத்திருக்கிறது. ஆனால் இந்தக் குடும்பத்துக்கு ஒரு விதி உண்டு. 'ஒரு பேருக்கு ஒரு மூச்சு' என்பது மாமனார் அடிக்கடி சொல்லும் வாக்கியம். அந்தப் பெயரை வைத்திருப்பவர் மூச்சு விடும்வரை வேறு குழந்தைக்கு அதை வைக்கக் கூடாது. செத்த பிறகுதான் படம் சுவருக்கு ஏறும், பெயர் அடுத்த குழந்தைக்கு இறங்கும்.

இன்று மாலை ஆறு மணிக்குக் கொழுந்தனாரின் குழந்தைக்கு அந்தப் பெயரை வைக்கப்போகிறார்கள்.

"ஒரு வருஷமா மாமா முடியவே முடியாதுன்னுட்டு இருந்தார்" என்றார் மருமகள். "போன வாரம் திடீர்னு சரின்னுட்டார். ஏன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கறார். மேடம், பேர் போயிட்டா அவர் வந்து வாசல்ல நின்னாக்கூட யாருன்னுதான் கேப்பாங்க. உயிரோட இருக்கார்னு ஒரே ஒரு அடையாளம் கொண்டு வாங்க, போதும். நிறுத்திடறேன்னு மாமா வாக்குக் குடுத்திருக்கார்."

அக்கா கடைசிப் படிக்குப் பக்கத்தில் போய் நின்றார். மலைக்கு அடுத்து, எட்டாவது படம் வரவேண்டிய இடத்தில், ஒரு ஆண்கள் குடை தொங்கிக்கொண்டிருந்தது. வளைந்த மரக் கைப்பிடி. அதை எடுத்து என் கையில் கொடுத்தார். பின்னால் ஒரு ஆணி இருந்தது. மற்ற படங்களெல்லாம் துருப்பிடித்த இரும்பு ஆணியில் தொங்க, இது மட்டும் பித்தளை. தடித்த தலை, அதற்கடியில் காசு அளவு வட்டமான வாஷர். தலை பளபளத்தது.

"இது அவரோட ஆணிதான்" என்றார் மருமகள். "பாலத்துல அளவெடுக்க அடிக்கறது. சட்டைப் பையில கிடக்கும். துவைக்கும்போது என் கையத்தான் குத்தும்."

"எப்ப அடிச்சது?"

"தெரியல மேடம். அவர் போனப்புறம் ஒருநாள்தான் கண்ல பட்டுது. காலியா விட்டா யாராவது எதையாவது மாட்டிடுவாங்களேன்னு அவர் குடையை மாட்டி வெச்சேன். சாயங்காலம் எடுத்துட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போவேன். நனைஞ்சுட்டு வந்து இறங்கினா?"

"மழை பெய்யற அன்னிக்கு மட்டுமா?"

"மழையைக் கேட்டுக்கிட்டா போக முடியும்? தினமும்தான்."

அக்கா ஆணியைச் சுற்றி விரல் நுனியால் தடவினார். நகத்தைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையில் விரலைத் துடைத்து, அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். தூசி என்று நினைத்தேன். சுவர் புதிதாக வெளிர்பச்சையில் இருந்தது.

"இந்தச் சுவருக்கு எப்ப பெயிண்ட் அடிச்சீங்க?" என்றேன்.

"அவர் போன மறுநாள். பெயிண்டரை அவர்தான் வரச்சொல்லிட்டுப் போயிருக்கார்."

என் மூளைக்குள் ஒரு பல்பு எரிந்தது. அபூர்வமாக எரிவது, அதனால் அணைப்பதற்கு மனமே வரவில்லை.

"அக்கா! ஆணித் தலையில ஒரு பொட்டு பெயிண்ட் இல்ல. பெயிண்டர் அடிச்சா சுவர், ஆணி, ஓரமா நிக்கற பல்லி எல்லாத்துக்கும் சேத்துத்தானே அடிப்பார்? அப்ப இந்த ஆணி பெயிண்டுக்கு அப்புறம் வந்தது. அவரோட ஆணி, அவர் போனதுக்கு அப்புறம்! அவர் திரும்பி வந்துட்டுப் போயிருக்கார்!"

மருமகள் அப்படியே படியில் உட்கார்ந்தார். எனக்கு முன்னால் ஒரு முகத்தில் ஒரு வயது குறைந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பாராட்டு இல்லை. "வக்கீலே, வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தரேன். வா."

வாசலில் கொழுந்தனார் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார். டைல்ஸ் கடை வைத்திருப்பவர். "இன்னுமா தேடறீங்க?" என்றார். "அண்ணிகிட்ட யாராவது சொல்லுங்களேன். நான் சொன்னா பேருக்கு ஆசைப்படறேம்பாங்க."

"ஆசை இல்லையா?" என்றேன்.

"எனக்கில்ல, எம் பையனுக்கு. இந்த வீட்டுல அந்தப் பேர் இல்லாம வளர்றது எப்படின்னு எனக்குத்தான் தெரியும். எட்டு பேருக்கு நடுவுல ஒம்போதாவது ஆளு, பேரில்லாத ஆளு."

"உங்களுக்கு ஆணி அடிக்க வருமா?" என்று அக்கா கேட்டார்.

"நான் அடிச்சா ஆணி நிக்கும், சுவர் விழும். எங்க வீட்டுல அண்ணனைத் தவிர யாருக்கும் கை நேரா நிக்காது."

ஆட்டோவில் ஏறியதும், "இவர்மேலதான் எனக்குச் சந்தேகம் அக்கா. மூஞ்சியிலயே எழுதியிருக்கு" என்றேன்.

"எதுக்கு? நாற்காலி இறக்கினதுக்கா?"

பாலம் ஊருக்கு வெளியே இருந்தது. இரண்டு பக்கமும் தடுப்பு வைத்து மூடியிருந்தார்கள். நடுவில் போன ஒரே ஆள் ஒரு நாய். கீழே தகரக் கொட்டகையில் சைட் சூப்பர்வைசர் தனியாக உட்கார்ந்து, யாரும் வராத வேலைக்குக் காவல் இருந்தார். அக்கா போனில் எடுத்த ஆணிப் படத்தைக் காட்டியதும் அடையாளம் சொன்னார்.

"எங்க சர்வே ஆணிங்க. தூணுக்குத் தூண் இதை அடிச்சு, மட்டம் பாப்போம். தூண் இறங்கினா ஆணியும் இறங்கிக் காட்டிக் குடுத்துடும். மூணாவது தூண் காட்டிக் குடுத்துடுச்சு."

"இறங்கிடுச்சா?"

"கண்ணுக்குத் தெரியாது. ஆனா அவர் கண்ணுக்குத் தெரிஞ்சுதே. அன்னிக்கே பாலத்தை மூடச் சொல்லிட்டார். நல்லவேளை, ஒரு உசிருக்குச் சேதமில்ல. மண்ணு தப்பா, அவர் கணக்கு தப்பான்னு இன்னும் விசாரிக்கறாங்க."

"அவர் என்ன சொன்னார்?"

சூப்பர்வைசர் ஆற்றைப் பார்த்தார். "தூண்கிட்ட ரொம்ப நேரம் நின்னார். அப்புறம், 'நோட்டுத் தாத்தாவுக்கு இனிமே பேச்சுத்துணை கிடைச்சாச்சு'ன்னார். எந்தத் தாத்தா, என்ன நோட்டுன்னு எனக்கென்னங்க தெரியும்? ஜோக்குன்னு நெனச்சு சிரிச்சுத் தொலைச்சேன்."

எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். சுவரைப் பார்த்துத் தொங்கும் படம்.

"அதுக்கப்புறம் அவரை யாராவது பாத்தாங்களா?" என்று விடாமல் கேட்டேன். "ஒரு மாசம் கழிச்சு? ரெண்டு மாசம் கழிச்சு?"

"பாத்திருந்தா விசாரணை ஆபீசர் எங்களைத் தூங்க விட்டிருப்பாரா? அவர் காணாமப் போனதுக்கு முந்தின நாள் சாயங்காலம் நான்தான் அவரை வண்டியில கொண்டுபோய் விட்டேன். படத்துக்குச் சட்டம் போடற கடை. மறுநாள் விடிஞ்சப்ப இங்க வந்திருக்கார். ஹெல்மெட் மட்டும் பாலத்து மேல இருந்துச்சு. அன்னிக்கு ஆத்துல கரையே தெரியலீங்க."

திரும்பும்போது ஆறு அமைதியாகத்தான் இருந்தது. பூனையும் பால் குடித்த பிறகு அப்படித்தான் உட்கார்ந்திருக்கும். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

"ஹெல்மெட்டை வெச்சுட்டு யாரு வேணா பஸ் ஏறலாம் அக்கா" என்றேன் அதற்குப் பதிலாக.

"ஏறலாம்."

"ஆணி இருக்கே."

"இருக்கு. சட்டம் போடற கடைக்குப் போப்பா" என்றார் ஆட்டோக்காரரிடம்.

கடை முழுக்க யார் யாருடைய கல்யாணங்களோ கண்ணாடிக்காகக் காத்துக்கொண்டிருந்தன. சட்டக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார். அந்த வீட்டுப் பெயரைச் சொன்னதும், "எத்தனாவது ஆள்?" என்றார்.

"எட்டு."

"அது போயிடுச்சே! போன வாரம் பெரியவர் வந்து வாங்கிட்டுப் போயிட்டார்."

நான் குறுக்கே புகுந்தேன். "என்னது போயிடுச்சு?"

"படம்தான். மலையோட படத்துக்குக் கண்ணாடி விரிசல், மாத்தணும்னு பெரியவர் எடுத்துட்டு வந்தார். வந்த இடத்துல, 'ஐயா, உங்க பிள்ளை குடுத்த படமும் ரெடியாத்தான் இருக்கு'ன்னு எடுத்துக் காட்டினேன். நின்ன இடத்துலயே நாற்காலி கேட்டார். அவருக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்? 'என்னிக்காவது அப்பா வருவார், வந்தாக் குடுங்க, நீங்களா சொல்லி அனுப்ப வேண்டாம்'னு பிள்ளை சொல்லியிருந்தார்."

"பிள்ளையே வந்து, தன் படத்துக்கே சட்டம் போடக் குடுத்தாரா?"

"போன மழையில. அதே மரம், அதே சைஸ், அதே அகலம், மத்த ஏழு மாதிரியே. ஒண்ணே ஒண்ணுதான் புதுசாக் கேட்டார்."

"என்ன?"

"மாட்டற வளையம் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ரெண்டு பக்கமும் வேணும்னார். 'எதுக்குங்க, படம் எந்தப் பக்கம் பாக்கணும்?'னு கேட்டேன். 'அதை விசாரணைதான் சொல்லணும்'னு சிரிச்சார். நல்ல தமாஷான ஆளு."

உள்ளே ஒரு ரம்பம் மரத்தை அறுத்துக்கொண்டிருந்தது.

ஆட்டோவில் எனக்கு வாய் நிற்கவில்லை. பயந்தால் பேசுவது என் வழக்கம்.

"சரிக்கா, சாகணும்னு நெனச்சார், ஒத்துக்கறேன். மாமனார் எதைப் பாத்து சரின்னார்னும் தெரிஞ்சுபோச்சு. ஆனா நெனச்சவங்க எல்லாரும் செஞ்சுடறாங்களா? நான் கூடத்தான் வருஷா வருஷம் பாஸாகணும்னு நெனக்கறேன். அவர் மனசு மாறித் திரும்பி வந்திருக்கார். வீட்டுக்குள்ள வர வெட்கப்பட்டு, ஒரு ஆணியை மட்டும் அடிச்சுட்டு..."

அக்கா பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என் மடியில் பிரித்தார்.

நடுவில் வெளிர்பச்சையாக ஒரு சின்னத் துணுக்கு. நகக்கண் அளவு.

"வாஷர் மேல, ஆணிக்கழுத்தோட அடிப்பக்கம் ஒட்டியிருந்துச்சு" என்றார். "காலையில சுரண்டினேன். ஆணி முன்னாடி, பெயிண்ட் பின்னாடி."

"தலையில இல்லையே அக்கா?"

"நீயே சொல்லு. அந்தத் தலையில தினமும் எது உரசுது?"

குடைதான். தினமும் எடுத்து, தினமும் மாட்டி, ஒரு வருஷமாக அந்த அம்மா தன் கையாலேயே பெயிண்டைத் தேய்த்து எடுத்திருக்கிறார். அந்த இடத்தில் படம் வரக் கூடாது என்று மாட்டிய குடை. அது தேய்த்த பளபளப்பைப் பார்த்துத்தான் நான் குதித்தேன்.

"காலையிலயே தெரிஞ்சும் ஏன் அக்கா இவ்வளவு தூரம்?"

"வேற அடையாளம் எதாவது கிடைக்காதான்னுதான். கிடைக்கலையே." வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "நானும் மனுஷிதானே வக்கீலே."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. மாடியில் ஆட்களின் பேச்சுச் சத்தம். மருமகள் மேலே போகவில்லை. நாங்கள் விட்டுப்போன படியிலேயே உட்கார்ந்திருந்தார். வேறு புடவைக்கு மாறியிருந்தார். தலை வாரியிருந்தார். அதற்குக் காரணம் நான்தான் என்று எனக்குத் தெரிந்தது. எங்காவது சுவருக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

"கிடைச்சுதா மேடம்?"

அக்கா அவருக்குப் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார். பாலத்தைச் சொன்னார், ஹெல்மெட்டைச் சொன்னார், சட்டக் கடையைச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, எதையும் குறைக்கவும் இல்லை.

"ஆனா ஆணி?" என்றார் மருமகள். என்னைத்தான் பார்த்தார். "தம்பி சொன்னாரே, தலையில பெயிண்டே இல்லைன்னு?"

நான் குடையின் கைப்பிடியைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவருடைய கண்ணும் என் கண் போன இடத்துக்குப் போனது. குடையை எடுத்து, வளைவின் உட்பக்கத்தைத் திருப்பினார். மரத்தில் வெளிர்பச்சையாக ஒரு கோடு ஊறிப்போயிருந்தது.

கட்டைவிரலால் அதைத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

"செத்ததைப் பாத்தவங்க யாரும் இல்லம்மா" என்றார் அக்கா. "ஆனா திரும்பி வந்ததுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

மருமகள் அழவில்லை. வேறு ஒன்று கேட்டார்.

"நேரா இருக்கா?"

"என்னம்மா?"

"அந்த ஆணி. மத்த ஏழோட நேரா இருக்கா?"

அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கீழ்ப்படியில் குனிந்து, ஒரு கண்ணை மூடிச் சரிவைப் பார்த்தேன். மலை, நோட்டு, தீர்ப்பு, பாட்டு, கணக்கு, கத்தி, கப்பல்.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்குங்க" என்றேன்.

"அப்ப அவசரத்துல அடிக்கல." தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "அளந்து பாத்து அடிச்சிருக்கார். அந்த நேரத்துல நான் சமையலறையிலதான் இருந்திருப்பேன்."

மேலேயிருந்து மாமனார் இறங்கி வந்தார். கையில் பழைய துணி சுற்றிய சதுரம். ஒவ்வொரு படியாக, ஒவ்வொரு படத்தையும் தாண்டி வந்தார். அந்தப் பெயர் தனக்கு வராமல் தாண்டிப்போன மனிதர். அதை மூத்த மகனுக்குக் கொடுத்து, இன்று திரும்ப வாங்கிக்கொள்ள வந்திருக்கிறார்.

"உங்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரலம்மா" என்றார்.

"தெரிஞ்சுபோச்சு மாமா. குடுங்க."

"எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியல. விசாரணை இன்னும் முடியலையே."

மருமகள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துணியைப் பிரித்தார். அலுவலகத்தில் எடுத்த சாதாரணப் படம். தலையில் ஹெல்மெட் இல்லை, சட்டைப் பை கனத்துத் தொங்கியது. இரண்டு பக்கமும் வளையம் இருந்தது. முன்பக்கத்து வளையத்தை நகத்தால் நெம்பினார். வரவில்லை. புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு பல்லைக் கடித்துத் திருகினார். பிடுங்கிக்கொண்டு வந்தது. அதை மாமனாரின் உள்ளங்கையில் வைத்தார்.

"அவங்க என்ன வேணா சொல்லட்டும். எனக்கு மூஞ்சி தெரியணும்."

பின்வளையத்தை ஆணியில் மாட்டினார். சரி செய்யவே வேண்டியிருக்கவில்லை. தானாகவே நேராக நின்றது.

அக்கா என் தோளைத் தொட்டார். கிளம்பலாம் என்று அர்த்தம். தோற்ற வழக்கில் நாங்கள் காபி குடிப்பதில்லை. வாசலுக்குப் போனோம். வெளியே தூறல் விழத் தொடங்கியிருந்தது. பஸ் ஒன்று தெருமுனையில் நின்று, யாரையும் இறக்காமல் போனது.

அப்போது மாடியில் கொழுந்தனார் அந்தப் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார். அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர். கூட்டம் முழுக்க அதைத் திருப்பிச் சொன்னது.

மருமகள் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினார். வாசலில் நாங்கள்தான் நின்றுகொண்டிருந்தோம்.

மேலே குழந்தை அழ ஆரம்பித்தது. அவர் குடையை மாட்டத் திரும்பினார். கை பாதி தூரம் போய் நின்றது. மாட்ட ஆணி இல்லை.